ஆகாயம் பார்த்திருக்க எல்லை தாண்டிய சேனை

நிமிர்ந்து நிற்க இடமில்லாத ஓர் இரும்புக் குழாய். குறுக்களவு ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. பல்லாண்டுகளாக அதன் வழியே ஐரோப்பாவின் அடுப்புகளுக்கும் ஆலைகளுக்கும் சென்றுகொண்டிருந்த எரிவாயு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் நெடி இன்னும் உள்ளே தங்கியிருந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்தக் குழாய்க்குள் நூற்றுக்கணக்கான ருஷ்யச் சிப்பாய்கள், முதுகைக் கூனியும் முழங்காலால் தவழ்ந்தும், சூரிய வெளிச்சத்தை நாட்கணக்கில் காணாமல், சுமார் 15 கிலோமீட்டர் தூரம் ஊர்ந்து சென்று, 8ஆம் தேதியன்று சூட்ஜா என்னும் சிற்றூரின் தொழிற்சாலைப் பகுதிக்கருகே, உக்ரேன் படையின் முதுகுப்புறத்தில், அழுக்கேறிய முகங்களோடு பூமிக்கு மேலே வந்தார்கள். வாயுவைச் சுவாசித்து நோயுற்றவர்கள் அவர்களில் பலர்.

சாதாரண காலத்தில் ஒரு பேருந்து இருபது நிமிஷத்தில் கடந்துவிடும் தூரத்தை ஒரு வல்லரசின் சிப்பாய்கள் இப்படிப் பெருச்சாளிகளைப் போலக் கடக்க நேர்ந்ததற்குக் காரணம், அவர்களுடைய தலைக்கு மேலே இருந்த ஆகாயம். அந்த ஆகாயத்தில் இரவும் பகலும் ட்ரோன்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன; மண்ணின் மேல் அசைந்தது எதுவாயினும், மனிதனோ வண்டியோ மாடோ, அதை ஒரு கண் பார்த்துவிடும்; பார்த்த சில நிமிஷங்களில் ஒரு வெடிகுண்டு தேடி வந்துவிடும். ஆனால் அதே இடத்தில், அதே ஆகாயத்தின் கீழே, ஏழு மாதங்களுக்கு முன்னர், இன்னொரு சேனை கவச வண்டிகளோடும் பீரங்கிகளோடும் தரைமேலேயே எல்லையைக் கடந்து வந்திருக்கிறது. எதிரி அதை எதிர்பார்க்கவே இல்லை. அது எப்படி நடந்தது, அதற்குப் பிறகு அந்த மண்ணும் அதன் ஜனங்களும் என்ன ஆனார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஆகஸ்டு ஆறாம் நாள் விடியற்காலை

2024 ஆகஸ்டு 6. உக்ரேனின் சுமி மாகாணத்துக் காடுகளில் மறைந்திருந்த படைப்பிரிவுகள், ருஷ்யாவின் கூர்ஸ்க் மாகாணத்துக்குள் புகுந்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, ருஷ்ய மண்ணில் ஓர் அந்நிய நாட்டின் முறையான சேனை இத்தகைய பெரும் படையெடுப்பாக நுழைந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டது அதுவே முதல் தடவை. 2022 பிப்ரவரியில் உக்ரேன்மீது ருஷ்யா தொடுத்த யுத்தம் இரண்டரை ஆண்டுகளாகப் பெரும்பாலும் உக்ரேனின் மண்ணிலேதான் நடந்துகொண்டிருந்தது. அழிந்த ஊர்களில் பெரும்பாலானவை உக்ரேனின் ஊர்கள். அந்த நியதி ஒரு காலைப்பொழுதில் புரண்டது.

அந்த எல்லையைக் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர், கட்டாய ராணுவ சேவைக்காக அழைக்கப்பட்ட, மீசை அரும்பும் வயதுப் பையன்கள். மற்றவர்கள் எல்லைக் காவற்படையினர், செச்சன்யாவிலிருந்து வந்த ‘அக்மாத்’ படையினர். கட்டாய சேவையாளர்களைப் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்று ஜனாதிபதி புடின் யுத்தத்தின் ஆரம்பத்திலேயே நாட்டுத் தாய்மார்களுக்கு வாக்களித்திருந்தார். பிள்ளைகள் போர்முனைக்குப் போகவில்லை. போர்முனைதான் பிள்ளைகளைத் தேடி வந்தது. சில வாரங்களுக்குள் 594 பேரைச் சிறைப்பிடித்ததாக உக்ரேனின் பிரதம தளபதி சிர்ஸ்கி அறிவித்தார்.

உக்ரேன் படையினர் முதலில் முன்னுக்கு நகர்த்தியது டாங்கிகளை அல்ல, மின்காந்த அலைகளைக் குலைக்கும் கருவிகளையே. ருஷ்ய ட்ரோன்கள் எந்த அலைவரிசையில் தம்மை இயக்குபவனோடு பேசுகின்றன என்பதை முன்கூட்டியே கண்டறிந்து, அந்த அலைவரிசைகளைச் செவிடாக்கினார்கள். மேலே உளவு பார்த்துத் திரிந்த ட்ரோன்களை வேறு ட்ரோன்களை ஏவி மோதி வீழ்த்தினார்கள். இவ்வாறு ஒரு சிறு வட்டாரத்தின் ஆகாயத்தைச் சில மணி நேரத்துக்குக் குருடாக்கிவிட்டு, அந்தக் குருட்டுப் பொழுதுக்குள் கவச வண்டிகளை விரட்டிக்கொண்டு போனார்கள்.

பெட்டிச் செய்தி: சூட்ஜா என்னும் சிற்றூர்

எல்லையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். படையெடுப்புக்கு முன் ஜனத்தொகை ஏறத்தாழ 5,000.
1918ஆம் ஆண்டின் இறுதியில், உக்ரேனின் தற்காலிக சோவியத் அரசாங்கம் சில காலம் இருந்த ஊர். சுற்றுவட்டாரத்தில் ருஷ்ய மொழியும் உக்ரேனிய மொழியும் கலந்த பேச்சு இன்றும் வழங்குகிறது.
சைபீரிய எரிவாயு உக்ரேன் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற வழியில் அதை அளந்த நிலையம் இங்கே இருந்தது. உக்ரேன் படை அதைக் கைப்பற்றிய பின்னரும், இரு நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தம் முடிந்த 2024 டிசம்பர் 31 வரையில், யுத்தத்தின் நடுவே எரிவாயு ஓடிக்கொண்டே இருந்தது.
கிரைமியாவை 1954இல் உக்ரேனோடு சேர்த்த காலத்தில் கட்சித் தலைவராயிருந்த குருஷ்சேவ் பிறந்த கலினோவ்கா கிராமமும் இதே கூர்ஸ்க் மாகாணத்தில், இதே எல்லையோரத்தில்தான் இருக்கிறது.

கண்டும் நம்பாதவர்கள்

இந்தக் காலத்தில் ஒரு சேனையை மறைப்பது அசாத்தியம் என்று யுத்த நிபுணர்கள் ஏகோபித்துச் சொல்லிவந்தார்கள். செயற்கைக் கோள்கள் இருக்கின்றன, ட்ரோன்கள் இருக்கின்றன, கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு கிராமத்தானும் ஓர் ஒற்றனாகிவிட்டான். அப்படியிருக்க, ஆயிரக்கணக்கான வீரர்கள் எல்லையோரத்தில் திரண்டது யார் கண்ணுக்கும் படவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

உண்மை என்னவென்றால், அது கண்ணில் பட்டது. ருஷ்ய நாடாளுமன்ற உறுப்பினரும் முன்னாள் தளபதியுமான குருல்யோவ், ஒரு மாதத்துக்கு முன்பே படைத் திரட்சியைப் பற்றிய அறிக்கை மேலிடத்துக்குச் சென்றது என்றும், பதறவேண்டாம், மேலே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும் என்ற பதிலே வந்தது என்றும் பின்னர் பகிரங்கமாகச் சொன்னார். ருஷ்யர்கள் விட்டுச் சென்ற நிலைகளில் உக்ரேனியர் கைப்பற்றிய ஆவணங்களிலும், சுமியிலிருந்து சூட்ஜாவை நோக்கித் தாக்குதல் வரலாம் என்ற எச்சரிக்கை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது.

ஆகவே அன்று தவறியது கண் அல்ல. கண்டதை நம்புவதற்கு ஒரு மனம் வேண்டும். அந்த மனம், கிழக்கு உக்ரேனின் டொனெட்ஸ்க் முனையில் ஒவ்வொரு நாளும் பின்வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு சேனை, ஆளுக்கும் குண்டுக்கும் தட்டுப்பாட்டில் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு சேனை, வேறொரு திசையில் எல்லை தாண்டி வரும் என்பதை ஏற்க மறுத்துவிட்டது. தனக்குப் பிடிக்காத செய்தியைக் கொண்டுவருபவனை உயர்த்தாத அரசாங்கத்தில், கீழே இருப்பவன் கண்டதை மேலே இருப்பவன் காதில் போடுவதற்குள் அந்தச் செய்தி இளைத்துவிடுகிறது. ஆகஸ்டு 7ஆம் தேதி, ருஷ்யத் தலைமைத் தளபதி கெராசிமோவ், ஜனாதிபதியின் முன்னிலையில், நாடெங்கும் பார்த்துக்கொண்டிருக்க, சுமார் ஆயிரம் பேர் நுழைந்தார்கள், அவர்களுடைய முன்னேற்றம் தடுக்கப்பட்டுவிட்டது என்று அறிவித்தார். முன்னேற்றம் நிற்கவில்லை. 12ஆம் தேதி நடந்த கூட்டத்தில், பகைவர் இத்தனை கிலோமீட்டர் ஆழம் புகுந்திருக்கிறார்கள், அகலம் இவ்வளவு என்று மாகாணத்தின் தற்காலிக ஆளுநர் ஸ்மிர்னோவ் கணக்குச் சொல்லத் தொடங்கியபோது, அதை ராணுவத்தார் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் மக்கள் நிலையைச் சொல்லுங்கள் என்று புடின் இடைமறித்தார். அந்த இடைமறிப்பை நான் பலமுறை காணொளியில் பார்த்தேன். ஒரு கிராமம் பறிபோனதை அந்தக் கிராமத்துக்குப் பொறுப்பானவர் சொல்லக்கூடாது என்னும் இந்த வழக்கத்துக்குள்தான், அந்த அதிகாலையில் சூட்ஜாவின் ஜனங்கள் எச்சரிக்கை ஏதுமின்றிக் கைவிடப்பட்டதன் காரணமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

உக்ரேன் தரப்பிலோ வாய்க்கட்டு கடுமையாக இருந்தது. சிர்ஸ்கி திட்டத்தை மிகச் சிலரோடு மட்டுமே பகிர்ந்துகொண்டார். ஆயுதம் கொடுத்த அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நேசநாடுகளுக்கும்கூட முன்னறிவிப்பு இல்லை. அவர் ருஷ்யாவின் விளாதிமிர் மாகாணத்தில் பிறந்தவர் என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். ஒரு தேசமாக இருந்தது இரண்டான கதை இந்த யுத்தத்தின் ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்ப்படுகிறது.

எதற்காகத் துணிந்தார்கள்?

பகைவன் அறியாமல் எல்லை தாண்டிப் போய் அவனுடைய ஆநிரையைக் கவர்ந்து வருவதை வெட்சி என்றும், அதை மீட்க அவன் எழுவதைக் கரந்தை என்றும் நம் இலக்கண நூலார் வகுத்தார்கள். கவர்வது எளிது, கவர்ந்ததைக் கரந்தையாரிடமிருந்து காத்துக் கொண்டுவந்து சேர்ப்பதே அரிது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. உக்ரேன் கவர்ந்தது ஆநிரையை அல்ல, நிலத்தை. அதை ஓட்டிக்கொண்டு திரும்பவும் முடியாது.

எண்ணிய பயன்கள் பல. கிழக்கே பொக்ரோவ்ஸ்க் நகரை நெருக்கிக்கொண்டிருந்த ருஷ்யப் படை இங்கே திரும்பும்; சமாதானப் பேச்சு வரும் நாளில் மண்ணுக்கு மண் மாற்றிக்கொள்ளக் கையில் ஒரு பிடி இருக்கும்; சிறைப்பட்ட தம் வீரர்களை மீட்கக் கைதிகள் கிடைப்பார்கள்; எல்லாவற்றுக்கும் மேலாக, தோல்வியின் செய்தியையே கேட்டுக்கேட்டு வாடியிருந்த தேசத்துக்கு ஒரு மூச்சு கிடைக்கும். ஆகஸ்டு 24ஆம் தேதி, உக்ரேனின் சுதந்திர தினத்தன்று, ஐக்கிய அரபு அமீரகத்தின் மத்தியஸ்தத்தில், 115 பேருக்கு 115 பேர் என்று கைதிகள் பரிமாறப்பட்டார்கள்; ருஷ்யா பெற்றுக்கொண்டவர்கள் கூர்ஸ்கில் பிடிபட்ட அந்தப் பையன்களே. கடைசிப் பயன்கள் இரண்டும் முதல் மாதத்திலேயே கைகூடின. முதலாவது கைகூடவில்லை. பொக்ரோவ்ஸ்க் முனையிலிருந்து ருஷ்யா பெரும்பாலும் படையை எடுக்கவே இல்லை. வேறிடங்களிலிருந்து ஆள் சேர்த்து, சுமார் 50,000 பேரைக் கூர்ஸ்கில் குவித்துக்கொண்டே, கிழக்கில் நொவோஹ்ரோதிவ்கா, வுஹ்லெதார், செலிதொவே என்று ஊர் ஊராக எடுத்துக்கொண்டும் போயிற்று. காலத்தை அறிந்தார்கள், இடத்தை அறிந்தார்கள். தன் வலியையும் மாற்றான் வலியையும் எடைபோட்டதில்தான் உக்ரேன் தலைவர்கள் தவறினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

போனவர்களும் போகாதவர்களும்

ஆறாம் தேதி காலையில் சூட்ஜாவில் குண்டுகள் விழத் தொடங்கியபோது, வெளியேறச் சொல்லி அரசாங்கத்தின் ஒழுங்கான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அந்த ஊர்க்காரர்களே ஜனாதிபதிக்கு வைத்த காணொளி விண்ணப்பத்தில் முறையிட்டார்கள். கார் இருந்தவன் காரில் ஏறினான். கார் இல்லாத கிழவி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். மகன் கூர்ஸ்க் நகரத்தில் வேலையில் இருப்பான். தாய் எல்லையோரக் கிராமத்தில் கோழிகளோடும் உருளைக்கிழங்குத் தோட்டத்தோடும் இருப்பாள். ஒரே காலையில் இருவருக்கும் நடுவே போர்முனை விழுந்துவிட்டது. 12ஆம் தேதிக்குள் 1,21,000 பேர் வீடுகளை விட்டுப் போய்விட்டார்கள், 28 ஊர்கள் பகைவர் கையில் இருக்கின்றன, அங்கே இருக்கும் சுமார் 2,000 பேரின் கதி தெரியவில்லை என்று ஸ்மிர்னோவ் தெரிவித்தார். எல்லைக்கு இப்பால் சுமி மாகாணத்திலும், பழிக்குப் பழியாக வரப்போகும் குண்டுகளுக்கு அஞ்சி, 28 ஊர்களிலிருந்து சுமார் 20,000 பேரை அகற்றவேண்டியதாயிற்று.

அந்த இரண்டாயிரம் பேரை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வேதனைப்படுகிறது. மாதக்கணக்கில் அவர்களுடைய பிள்ளைகள் புகைப்படங்களை வெளியிட்டு, இந்த முகத்தை எங்கேனும் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உக்ரேன், சூட்ஜாவில் ஒரு ராணுவ நிர்வாக அலுவலகத்தை அமைத்து, மேஜர் ஜெனரல் மொஸ்கால்யோவ் என்பவரை அதற்குத் தலைவராக்கியது. தண்ணீரும் ரொட்டியும் மருந்தும் கொடுக்கப்பட்டதைப் பத்திரிகையாளர்கள் நேரில் கண்டு எழுதினார்கள். அப்படி எல்லை தாண்டிச் சென்று எழுதிய அந்நியப் பத்திரிகையாளர்கள்மீது ருஷ்யா கிரிமினல் வழக்குத் தொடர்ந்தது. ஆனால் ரொட்டியால் குண்டை நிறுத்த முடியுமா? ருஷ்ய விமானங்கள் தம் சொந்த ஊரின்மேலேயே கனத்த குண்டுகளை வீசிக்கொண்டிருந்தன. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி, வீடிழந்த முதியோர் தங்கியிருந்த ஒரு விடுதிப் பள்ளியின்மேல் குண்டு விழுந்தது; இரு தரப்பும் ஒன்றன்மீது ஒன்று பழி சுமத்தின. இறந்தவர்கள் எந்தத் தரப்பையும் சேராத கிழவர்கள்.

வெளியேறியவர்களின் துன்பம் வேறு தினுசானது. முதலில் தலைக்குப் பத்தாயிரம் ரூபிள் கொடுக்கப்பட்டது. பிறகு, வீட்டை இழந்தேன் என்பதற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள்; பகைவர் கையிலிருக்கும் ஊருக்குள் போய் இடிந்த வீட்டைப் படம் எடுத்துவர யாரால் முடியும்? கூர்ஸ்க் நகரத்தில் ஜனங்கள் கூட்டமாகக் கூடி அதிகாரிகளிடம் குரல் எழுப்பினார்கள். யுத்தகால ருஷ்யாவில் அது சாமானியமான துணிச்சல் அல்ல.

அவர்களுடைய கேள்வி ஒன்றுதான்: எல்லையைக் காக்க அரண் கட்டுவதாகச் சொன்ன பணம் எங்கே? கோடிக்கணக்கான ரூபிள் செலவில், டாங்கிகளைத் தடுக்கும் கான்கிரீட் பற்களும் அகழிகளும் அமைத்ததாகக் கணக்கில் எழுதியிருந்தது. ஆனால் உக்ரேன் வண்டிகள் ஒரு காலையில் கடந்து வந்துவிட்டன. விசாரணை நடந்தது. 2024 டிசம்பரில் பதவியிழந்த ஸ்மிர்னோவ், அரண் கட்டும் பணத்தில் மோசடி என்ற குற்றச்சாட்டில் 2025 ஏப்ரலில் கைதானார். அவருக்கு முன் ஆளுநராயிருந்து மத்தியப் போக்குவரத்து மந்திரியாக உயர்ந்த ஸ்தாரவோய்த், 2025 ஜூலை 7ஆம் தேதி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே நாளில் துப்பாக்கிக் காயத்தோடு பிணமாகக் காணப்பட்டார்.

பெட்டிச் செய்தி: தேதிவாரியாக

2024 ஆகஸ்டு 6: எல்லை தாண்டல்.
ஆகஸ்டு 12: சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் தம் கையில் என்று சிர்ஸ்கி அறிவிப்பு. மாத இறுதியில் அவர் சொன்ன கணக்கு 1,294 சதுர கிலோமீட்டர், 100 ஊர்கள்.
ஆகஸ்டு 16–19: சேய்ம் ஆற்றின் மூன்று பாலங்கள் தகர்ப்பு.
அக்டோபர்–நவம்பர்: வட கொரியச் சிப்பாய்கள் வருகை.
2025 மார்ச் 5: உக்ரேனுக்கு உளவுத் தகவல் தருவதை அமெரிக்கா நிறுத்தியது, 11ஆம் தேதி மீண்டும் தொடங்கியது.
மார்ச் 8: குழாய் வழித் தாக்குதல்.
மார்ச் 12: ராணுவ உடையில் புடின் கூர்ஸ்க் வருகை. மறுநாள் சூட்ஜா மீட்கப்பட்டதாக ருஷ்யா அறிவிப்பு.
ஏப்ரல் 26: கூர்ஸ்க் முழுவதும் மீட்கப்பட்டதாகக் கெராசிமோவ் அறிவிப்பு; உக்ரேன் மறுப்பு.

ஒரே ஒரு சாலை

பிடித்த நிலத்துக்குத் தினந்தோறும் சோறு போட வேண்டும். குண்டு, எரிபொருள், தண்ணீர், மின்கலம், புது ஆள் எல்லாம் உள்ளே போகவேண்டும். காயம்பட்டவன் வெளியே வரவேண்டும். கூர்ஸ்கில் இருந்த உக்ரேன் படைக்கு இவை அனைத்தும் பெரும்பாலும் ஒரே சாலையில், சுமி நகரிலிருந்து யுனாகிவ்கா வழியாகச் சூட்ஜாவுக்குச் செல்லும் நாற்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையில்தான் நடந்தாக வேண்டியிருந்தது. நான் அறிந்தவரையில், கூர்ஸ்க் யுத்தத்தின் முடிவை எழுதியது இந்தச் சாலைதான். தலைநகரங்களின் பேச்சுக்களும் பெரிய பீரங்கிகளும் அதற்கு அடுத்தபடிதான்.

முதல் மாதங்களில் அலைகுலைப்புக் கருவிகள் ஓரளவு காத்தன. சிறு ட்ரோனை ஓட்டுபவன், அதன் கண் பார்ப்பதைத் தன் கண்ணாடித் திரையில் பார்த்து ஓட்டுகிறான். இருவருக்கும் நடுவே ரேடியோ அலைதான் கயிறு. அந்தக் கயிற்றை அறுத்துவிட்டால் ட்ரோன் வழி தெரியாமல் விழும். இதற்கு ருஷ்யர் கண்ட மாற்று, கயிற்றையே நிஜக் கயிறாக்கிவிடுவது. தலைமயிர் போல மெல்லிய கண்ணாடி இழையைப் பத்து, இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கண்டில் சுற்றி ட்ரோனின் வயிற்றில் கட்டினார்கள். அது பறக்கப் பறக்க, பட்டம் விடுபவன் கையில் நூல் ஓடுவது போல, இழை பின்னால் அவிழ்ந்துகொண்டே போகும். செய்தி முழுவதும் இழைக்குள்ளே போகிறது; காற்றில் அலையே இல்லை; அலையில்லாததைக் குலைக்க எந்தக் கருவியாலும் ஆகாது. இந்த ரக ட்ரோன்களோடு ருஷ்யா தன் தேர்ந்த ‘ரூபிகோன்’ பிரிவை இந்த முனைக்கு அனுப்பியது. அவர்கள் குறிவைத்தது பதுங்குகுழியில் இருப்பவனை அல்ல. அவனுக்குச் சோறு கொண்டுவரும் வண்டியை.

இதிலே மிகக் கொடியது இன்னொரு முறை. ட்ரோன் பறந்து வந்து சாலையோரத்துப் புல்லில் இறங்கி, இறக்கையை நிறுத்திக்கொண்டு, கண்ணை மட்டும் திறந்துவைத்துக் காத்திருக்கும். வண்டி கண்ணில் பட்டதும் எழும்பும். இரு தரப்புச் சிப்பாய்களும் இதற்கு வைத்த பெயர் ‘ஜ்துன்’. காத்திருப்பவன் என்று அர்த்தம். காட்டுப் பாதையில் பாம்பைப் பார்த்து நடப்பது போல, ஓட்டுநர்கள் சாலையோரத்தின் ஒவ்வொரு செடியையும் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் வேகத்தைக் குறைத்தாலும் சாவு, கூட்டினாலும் சாவு.

2025 பிப்ரவரிக்குள் அந்தச் சாலையின் இருபுறமும் எரிந்த வண்டிகள் வரிசையாகிவிட்டன. பகலில் போக முடியவில்லை. பிறகு இரவிலும் முடியவில்லை. மார்ச் மாதம் பின்வாங்க உத்தரவு வந்தபோது, வண்டியில் ஏறினால் சாவோம் என்று தெரிந்து, பலர் ஆயுதத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாலையை விட்டு விலகி, வயல்களினூடே இரவெல்லாம் கால்நடையாக எல்லையை நோக்கி நடந்தார்கள். நூற்றுக்கணக்கானோரைக் குழாய்க்குள் தள்ளியதும், இவர்களை வயலுக்குள் இறக்கியதும் ஒரே ஆகாயம்தான்.

அந்த வாரத்திலே அமெரிக்கா உளவுத் தகவலை நிறுத்தியதுதான் தோல்விக்குக் காரணம் என்று சிலர் எழுதினார்கள். அது காயத்தின்மேல் பட்ட அடி. காயம் முன்பே இருந்தது. ஜனவரிக்குள்ளாகவே, பிடித்த நிலத்தில் ஏறத்தாழ பாதி கைநழுவியிருந்தது.

கடல் கடந்து வந்த பிள்ளைகள்

2024 ஜூன் மாதம் பியோங்யாங்கில் புடினும் கிம் ஜோங் உன்னும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின் பலனாக, இலையுதிர் காலத்தில் வட கொரியச் சிப்பாய்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கூர்ஸ்க்குக்கு வந்தார்கள். ட்ரோனை அதுவரை கண்டறியாதவர்கள். பனி மூடிய திறந்த வயலில் கூட்டமாக நடந்தார்கள். மேலிருந்து பார்ப்பவனுக்கு வெள்ளைத் தாளில் எறும்புகள் போலத் தெரிந்தார்கள். இறந்துபோன ஒரு கொரியச் சிப்பாயின் குறிப்பேடு என்று உக்ரேன் வெளியிட்டதில், ஒருவன் அசையாமல் தூண்டிற்புழுவாக நிற்க, ட்ரோன் அவனை நோக்கி இறங்கும்போது மற்ற இருவர் அதைச் சுடவேண்டும் என்ற உபாயம் படத்தோடு வரையப்பட்டிருந்தது. தென் கொரிய உளவுத்துறையின் 2025 ஏப்ரல் கணிப்பின்படி இறந்தவர் சுமார் 600. காயமும் சாவும் சேர்ந்து சுமார் 4,700. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் கிம், இறந்த சிப்பாய்களின் புகைப்படங்களுக்குப் பதக்கம் அணிவித்தார்.

அயல்நாட்டு ஏழைகளின் பிள்ளைகளை இந்த யுத்தம் விழுங்கியதில் நமக்கும் பங்கு உண்டு. வேலை என்றும் சம்பளம் என்றும் நம்பிப் போய் ருஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்ட இந்தியர்கள் 126 பேர் என்றும், அவர்களில் 12 பேர் இறந்தார்கள், 16 பேரைக் காணவில்லை என்றும் 2025 ஜனவரியில் நம் வெளியுறவு அமைச்சகமே கூறியது.

ஓட்டில்லாத உலை

கூர்ஸ்க் நகருக்கு மேற்கே குர்ச்சாத்தொவ் என்னும் ஊரில் ஓர் அணுமின் நிலையம் இயங்குகிறது. செர்னோபிலில் 1986இல் வெடித்த உலையின் அதே ரகம். உலையின்மேல் கனத்த கான்கிரீட் கவிகை கிடையாது. சாதாரணக் கட்டடத்தின் கூரையே அதற்குக் கூரை. 2024 ஆகஸ்டு 27ஆம் தேதி சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் குரோஸி அங்கே நேரில் சென்று, இதன் அருகே சண்டை வருவது மிக அபாயகரமானது என்று எச்சரித்தார். போர்முனை அந்த நிலையத்தை எட்டவில்லை.

மீண்ட மண்

சூட்ஜாவோடு விஷயம் முடியவில்லை. உக்ரேன் பின்வாங்கிய வழியிலேயே ருஷ்யப் படை எல்லை தாண்டிச் சுமி மாகாணத்துக்குள் புகுந்தது. 2025 ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. சுமி நகரத்தின் நடுவே இரண்டு ஏவுகணைகள் விழுந்து 35 பேர் மாண்டார்கள். படையெடுப்புக்கு முன் சுமி ஓரளவு அமைதியாயிருந்த நகரம். கூர்ஸ்க்குக்குப் போகாமல் இருந்திருந்தாலும் ருஷ்யா அங்கே வந்தே இருக்கும், நாங்கள் அதைப் பல மாதம் தள்ளிப்போட்டோம் என்று உக்ரேன் தலைமை வாதிக்கிறது. அந்த வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சமாதானப் பேச்சில் மாற்றிக்கொள்ள வைத்திருந்த மண், பேச்சு கூடும் நாளில் கையில் இல்லை. அந்த மண்ணைக் காக்க அனுப்பப்பட்ட தேர்ந்த வான்வழிப் படைப்பிரிவுகள், தம் சொந்த மண்ணில் பொக்ரோவ்ஸ்க்கில் தேவைப்பட்ட மாதங்களில் அங்கே இல்லை. முதல் மாதத்தின் வெற்றியோடு, கைதிகளோடு, தாமே பின்வாங்கியிருந்தால் என்ற கேள்வியை உக்ரேனியச் சிப்பாய்களே எழுப்பினார்கள். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே படுகிறது. கவர்ந்ததை விட்டுவிட்டுத் திரும்புவது எந்தத் தளபதிக்கும் எளிதல்ல; ஜனங்கள் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது மிகவும் அரிது.

2025 ஜூன் மாதம் ருஷ்யப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் ஷோய்கு பியோங்யாங்குக்குப் போய்விட்டு, கூர்ஸ்கில் கண்ணிவெடிகளை எடுக்க 1,000 வட கொரியர்களும், இடிந்ததைக் கட்ட 5,000 ராணுவத் தொழிலாளரும் வருவார்கள் என்று அறிவித்தார். அவர்கள் இறங்கவேண்டிய வயல்கள் கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் விளையும் கரிசல் மண். அந்த மண்ணில் இரண்டாம் உலக யுத்தத்தின் 1943ஆம் ஆண்டுச் சண்டையில் விழுந்து வெடிக்காமல் புதைந்த குண்டுகள் இன்னும் உழவன் கலப்பையில் தட்டுப்படுகின்றன. இப்போது அவற்றின்மேல் புதிய கண்ணிகள், அவற்றின்மேல் ட்ரோன்கள் இழுத்துவந்து அறுத்துப்போட்ட கண்ணாடி இழைகள், காலை வெயிலில் சிலந்தி நூல்போல மினுக்கிக்கொண்டு. கூர்ஸ்க் நகரத்து வாடகை அறைகளில் இருப்பவர்கள், எந்தக் கிராமத்துக்கு எப்போது திரும்பலாம் என்ற பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்கள்.